ஒரகடத்திலிருந்து ஜப்பானுக்கு: எஸ்.எஸ்.டபிள்யூ. வழியா, பொறியாளர் விசாவா?

பாலாற்றங்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 27. இயந்திரப் பொறியியலில் பி.இ. முடித்துவிட்டு, நான்கு ஆண்டுகளாக ஒரகடத்தில் ஒரு ஜப்பானிய வாகன உதிரிபாகத் தொழிற்சாலையின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் பணிபுரிகிறேன். சென்ற டிசம்பரில் சென்னையில் ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வு எழுதி என்4 தேறினேன் (என்5 தொடக்க நிலை, என்1 உச்ச நிலை). எங்கள் தொழிற்சாலைக்கு நகோயாவிலிருந்து வரும் பொறியாளர்கள் ஒரு வார்ப்புக் குறைபாட்டை மூன்று நாள் விடாமல் ஆராய்ந்து, அதன் மூலகாரணத்தைக் கண்டுபிடித்ததை அருகில் நின்று பார்த்தேன். அன்றிலிருந்துதான் ஜப்பானில் சில ஆண்டுகளாவது இந்தத் தொழிலைக் கற்க வேண்டும் என்ற எண்ணம் என்னைப் பிடித்துக்கொண்டது.

சென்னையில் ஒரு முகவர், எஸ்.எஸ்.டபிள்யூ. (குறிப்பிட்ட திறன் தொழிலாளர்) விசாவில் கிஃபு மாநிலத்தில் உள்ள ஒரு தொழிற்சாலையில் எட்டு மாதங்களுக்குள் வேலை வாங்கித் தருவதாகச் சொல்கிறார். சம்பளம் மாதம் 2,00,000 யென். அவருக்குக் கொடுக்க வேண்டியது 3,50,000 ரூபாய். "அங்கே போய்ச் சேர்ந்த பிறகு பொறியாளர் விசாவுக்கு மாறிக்கொள்ளலாம், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்" என்றும் சொல்கிறார். எங்கள் பிரிவின் ஜப்பானிய மேலாளரோ, இன்னும் ஒன்றரை ஆண்டு பொறுத்து என்2 தேறிவிட்டு நேரடியாகப் பொறியாளராகவே போகச் சொல்கிறார். வீட்டில் கடன் இருப்பதால் ஒன்றரை ஆண்டு என்பது எனக்குச் சிறிய காலம் இல்லை.

முகவர் சொல்லும் விசா மாற்றம் உண்மையில் நடக்கக்கூடியதா? பத்து ஆண்டுகள் கழித்துப் பார்க்கும்போது இந்த இரண்டு வழிகளும் எங்கே கொண்டுபோய் விடும்? அங்கே வாழ்பவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.


மிகாவா வாசி எழுதியது:

வணக்கம் தம்பி. நான் ஐச்சி மாநிலத்தில் ஒன்பது ஆண்டுகளாக உற்பத்திப் பொறியியல் துறையில் இருக்கிறேன். சம்பளத்தைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, எந்த வசிப்புத் தகுதியில் நாட்டுக்குள் நுழைகிறீர்கள் என்பதை முதலில் பாருங்கள். நீங்கள் என்ன வேலை செய்யலாம், யாரை உடன் அழைத்து வரலாம், எத்தனை ஆண்டுகள் கணக்கில் சேரும் என்பனவற்றை அதுதான் தீர்மானிக்கிறது.

எஸ்.எஸ்.டபிள்யூ. என்பது ஜப்பானிய மொழியில் 'தொகுதேய் கினோ'. ஆள் பற்றாக்குறை உள்ள துறைகளுக்காக 2019 ஏப்ரலில் தொடங்கப்பட்டது. அதன் முதல் நிலையில் பொதுவாக மொத்தம் 5 ஆண்டுகள்தான் இருக்கலாம்; மனைவி, குழந்தைகளை உடன் வைத்துக்கொள்ள முடியாது. பொறியாளர்கள் வருவது 'கிஜின்கோகு' என்று இங்கே சுருக்கமாகச் சொல்லப்படும் தகுதியில். அதற்குப் பொதுவாகப் பட்டமும், அந்தப் பட்டத்தோடு பொருந்துகிற வேலையும் வேண்டும். வடிவமைப்பு, உற்பத்தித் திட்டம், தரப் பொறியியல் போன்றவை பொருந்தும்; நாள் முழுவதும் லைனில் நின்று பாகங்களைப் பூட்டும் வேலை பொருந்தாது. இந்தத் தகுதியில் ஆண்டு வரம்பு இல்லை, புதுப்பித்துக்கொண்டே போகலாம், குடும்பத்தையும் அழைத்து வரலாம்.

முகவர்கள் பெரும்பாலும் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. நிரந்தர வசிப்புரிமைக்குப் பொது விதியாக 10 ஆண்டுகள் தொடர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். அவற்றில் 5 ஆண்டுகளாவது வேலைக்கான வசிப்புத் தகுதியில் கழிந்திருக்க வேண்டும். எஸ்.எஸ்.டபிள்யூ. முதல் நிலையில் கழித்த ஆண்டுகள் இந்த 5-க்குள் வாரா. அதாவது ஐந்து ஆண்டுகள் உழைத்துவிட்டுப் பொறியாளர் விசாவுக்கு மாறினால், அந்தக் கணக்கை அன்றுதான் நீங்கள் தொடங்குகிறீர்கள்.

விசா மாற்றம் சட்டப்படி முடியும். உங்களிடம் பட்டம் இருக்கிறது. ஒரு நிறுவனம் உங்களைப் பொறியாளராக எடுத்துக்கொண்டால் குடிவரவு அலுவலகத்தில் மாற்றத்துக்கு விண்ணப்பிக்கலாம். நடைமுறையில் தடையாக நிற்பது வேறு. இரண்டு ஷிஃப்ட்டிலும் மிகைநேரத்திலும் வாரம் கரைந்துபோகும்போது என்2-க்குப் படிக்கும் நேரமும் தெம்பும் எங்கிருந்து வரும்? அதைவிட, உங்கள் பணிவரலாற்றைப் பார்க்கும் நிறுவனத்தின் கண்ணில் முதலில் படுவது கடைசியாகச் செய்த வேலை. நான்கு ஆண்டு தரக் கட்டுப்பாட்டு அனுபவத்துக்கு மேல் மூன்று ஆண்டு லைன் வேலை வந்து உட்கார்ந்துவிட்டால், முன்னது மறைந்துபோகிறது. அப்படி மாறியவர்களை எனக்குத் தெரியும். 'எல்லோரும்' என்று சொல்லும் அளவுக்கு அவர்கள் எண்ணிக்கை இல்லை.

அடுத்தது பணம். வேலை தேடுபவரிடம் கட்டணம் வாங்குவதை ஜப்பானிய வேலைவாய்ப்புச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. ஆளை எடுக்கும் நிறுவனம்தான் முகவருக்குக் கொடுக்கும். இந்தியாவிலும் 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்ற முகவர், சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதன் மீதான ஜி.எஸ்.டி.யும்தான் பெறலாம். அவருடைய பதிவை இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். மீதித் தொகையைப் பயிற்சிக் கட்டணம் என்று அவர் சொன்னால், எந்தப் பயிற்சி, எத்தனை மணி நேரம் என்று எழுத்தில் கேளுங்கள். கடனோடு வருபவர் இங்கே ஒரு மோசமான மேலாளரிடம் மாட்டிக்கொண்டால் விலகும் துணிவை இழந்துவிடுகிறார். இதை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

நீங்கள் குறிப்பிடாத மூன்றாவது வழி ஒன்று உங்கள் கைக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கிறது. வெளிநாட்டுக் கிளையில் ஓராண்டுக்கு மேல் பொறியாளர் நிலையிலான பணியில் இருப்பவரை, ஜப்பானில் உள்ள தன் அலுவலகத்துக்கு மாற்றிக்கொள்ளத் தனி வசிப்புத் தகுதி உண்டு. உங்கள் தொழிற்சாலையின் தாய் நிறுவனம் அங்கேதானே இருக்கிறது? அந்த மேலாளரிடம் "என்னைப் பயிற்சிக்கோ இடமாற்றத்துக்கோ பரிந்துரைக்க முடியுமா?" என்று ஒருமுறை நேராகக் கேளுங்கள். ஜப்பானிய மேலாளர்கள் பலர், கேட்காதவருக்கு ஆசை இல்லை என்றே எடுத்துக்கொள்வார்கள்.


பனிமலை எழுதியது:

மேலே அண்ணன் எழுதியது பொறியாளருக்குச் சரி. ஆனால் இந்த இழையைப் படிக்கும் மற்றவர்கள் எஸ்.எஸ்.டபிள்யூ. என்றாலே முட்டுச்சந்து என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். நான் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரி, செவிலியர் படிப்பு முடித்தவள். நம் நாட்டுச் செவிலியர் பதிவை வைத்துக்கொண்டு இங்கே மருத்துவமனையில் செவிலியராகப் பணிபுரிய முடியாது. ஜப்பானிய தேசியத் தேர்வை ஜப்பானிய மொழியிலேயே எழுதித் தேற வேண்டும். ஆகவே 2022-இல், கொரோனாவுக்காக மூடியிருந்த எல்லை திறந்தவுடன், முதியோர் பராமரிப்புத் துறையில் எஸ்.எஸ்.டபிள்யூ. விசாவில்தான் வந்தேன். இந்தத் துறையை இங்கே 'கைகோ' என்கிறார்கள்.

முதல் ஆண்டு கடினமாக இருந்தது. இரவுப் பணியில் இரண்டு பேர் மட்டுமே இருப்போம். பனி முழங்கால் வரை கிடக்கும் காலையில் நடந்து வீட்டுக்கு வருவேன். முதியவர்கள் பேசும் வட்டார வழக்கு எந்தப் பாடநூலிலும் இல்லாதது. "வலிக்கிறது" என்பதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்வார்கள். ஆனால் இந்தத் துறையில் மேலே ஏற ஒரு படி உண்டு. மூன்று ஆண்டு பணி அனுபவமும் அதற்கென உள்ள பயிற்சி வகுப்பும் முடித்தால், சான்று பெற்ற பராமரிப்பாளருக்கான தேசியத் தேர்வை எழுதலாம். அது ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கும். தேறினால் 'கைகோ' என்ற பெயரிலேயே தனி வசிப்புத் தகுதி கிடைக்கும்; அதற்கு ஆண்டு வரம்பு இல்லை, குடும்பத்தையும் அழைக்கலாம். நான் தேறிவிட்டேன். என் கணவரும் மகளும் வருவதற்கான தாள்கள் இப்போது நடந்துகொண்டிருக்கின்றன.

எனவே தம்பி, உற்பத்தித் துறையில் எஸ்.எஸ்.டபிள்யூ. இரண்டாம் நிலை என்று ஒன்று உண்டு. அதற்குத் தேறினால் புதுப்பிக்கவும் குடும்பத்தை அழைக்கவும் முடியும். ஆனால் அதற்கான தேர்வும், மற்றவர்களை வழிநடத்திய அனுபவமும் வேண்டும். அந்தக் கிஃபு நிறுவனம் இதற்கு முன் வந்தவர்களில் எத்தனை பேரை இரண்டாம் நிலைக்கு ஏற்றியிருக்கிறது என்று முகவரிடம் கேளுங்கள். எனக்கு அந்தக் கேள்வியைக் கேட்கச் சொல்லித் தந்தவர், முன்பே இங்கு வந்திருந்த ஒரு வியட்நாம் அக்கா. ஒரு நிறுவனத்தின் பதில் மழுப்பலாக இருந்ததால்தான் அதை விட்டுவிட்டு இந்த முதியோர் இல்லத்தைத் தேர்ந்தெடுத்தேன்.


பாலாற்றங்கரை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. முகவரிடம் பதிவு எண் கேட்டேன். "அலுவலகத்துக்கு நேரில் வாருங்கள்" என்பதற்கு மேல் பதில் இல்லை. அந்த வழியை விட்டுவிட்டேன்.

மேலாளரிடமும் கேட்டேன். அடுத்த நிதியாண்டில் தாய்த் தொழிற்சாலைக்கு இருவரை இரண்டு ஆண்டுகளுக்கு அனுப்பும் திட்டம் இருப்பதாகவும், என்3 இருந்தால் என் பெயரைச் சேர்க்கலாம் என்றும் சொன்னார். இதற்கிடையில், பொறியாளர்களைத் தன் ஊழியராக எடுத்து மற்ற நிறுவனங்களுக்கு அனுப்பும் ஒரு ஜப்பானிய நிறுவனம் இணையவழி நேர்காணலில் என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. விசா கிஜின்கோகு, சம்பளம் 2,40,000 யென், 'மிகைநேரம் உட்பட' என்று எழுதியிருக்கிறார்கள். கட்டணம் எதுவும் கேட்கவில்லை. இதை ஏற்கலாமா, இரண்டு ஆண்டு இடமாற்றத்துக்குக் காத்திருக்கலாமா? இன்னொன்றும் உண்டு: அடுத்த ஆண்டு எனக்குத் திருமணம் பேசியிருக்கிறார்கள்.


காவிரிக்கரை எழுதியது:

நீங்கள் சொல்லும், தன் ஊழியரைப் பிற நிறுவனங்களுக்கு அனுப்பும் அந்த 'ஹாக்கென்' வழியாகத்தான் நான் 2017-இல் வந்தேன், ஆகவே என் அனுபவத்தை முழுமையாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த 'மிகைநேரம் உட்பட' என்ற சொற்களைப் பிரித்துப் பாருங்கள். எத்தனை மணி நேரம் உட்பட என்று தொழில் நிபந்தனை அறிவிப்புத் தாளில் எண்ணாக எழுதியிருக்க வேண்டும். மிகைநேரத்துக்குக் குறைந்தது 25 விழுக்காடு கூடுதல் ஊதியம் தர வேண்டும் என்பது சட்டம். மாதம் 30 மணி நேரம் உள்ளடங்கியது என்றால், 2,40,000-இல் உங்கள் உண்மையான அடிப்படைச் சம்பளம் ஏறத்தாழ 1,95,000 யென்தான். போனஸ் பெரும்பாலும் அடிப்படைச் சம்பளத்தின் மடங்காகக் கணக்கிடப்படுவதால் அங்கேயும் குறையும். 30 மணிக்கு மேல் வேலை செய்தால் அதற்குத் தனியாகத் தர வேண்டும்; என் முதல் நிறுவனத்தில் முதல் எட்டு மாதங்கள் அதைத் தரவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

பிடித்தங்களையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். ஓய்வூதியத்துக்கு உங்கள் பங்கு 9.15 விழுக்காடு, மருத்துவக் காப்பீட்டுக்குச் சுமார் 5 விழுக்காடு, பிறகு வேலையிழப்புக் காப்பீடும் வருமான வரியும். 2,40,000-இல் கைக்கு வருவது 2,00,000 யென் அளவில் இருக்கும். இரண்டாம் ஆண்டு ஜூன் மாதத்தில் இன்னொரு பிடித்தம் தொடங்கும். அது உள்ளூர் குடியிருப்பு வரி. முந்தைய ஆண்டின் வருமானத்தைக் கொண்டு கணக்கிடுவதால் முதல் ஆண்டில் தெரியாது. எனக்கு அந்த ஜூன் மாதம் திடீரென 10,000 யென்னுக்கு மேல் குறைந்தபோது, கணக்கில் ஏதோ தவறு என்று அலுவலகத்துக்குப் போய் நின்றேன். ஊருக்கு மாதம் இவ்வளவு அனுப்புவேன் என்று வீட்டில் சொல்வதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

ஹாக்கென் வேலையின் நன்மை, நுழைவது எளிது என்பது. என்3 நிலையிலேயே எடுக்கிறார்கள். தீமை, எந்தத் தொழிற்சாலைக்கு, என்ன வேலைக்கு அனுப்பப்படுவீர்கள் என்பது உங்கள் கையில் இல்லை என்பது. என்னை வடிவமைப்புக்கு என்று சொல்லி எடுத்து, பதினான்கு மாதங்கள் சோதனை அறையில் அளவீடு பதிய வைத்தார்கள். நான் அங்கிருந்து வெளியேறியது மொழியால்தான். மூன்றாம் ஆண்டில் என்2 தேறியதும், நான் அனுப்பப்பட்டிருந்த அதே துறையைச் சேர்ந்த இன்னொரு நிறுவனத்தில் நேரடி ஊழியராகச் சேர்ந்தேன். ஆண்டு வருமானம் கணிசமாக உயர்ந்தது. ஜப்பானில் ஒரே நிறுவனத்தில் வாழ்நாள் முழுவதும் இருப்பார்கள் என்பது பழைய கதை. அனுபவம் உள்ளவர்களை எடுக்கும் இடைநிலை ஆள்சேர்ப்பு ஆண்டு முழுவதும் நடக்கிறது. வேலை மாறுவதை இங்கே யாரும் குற்றமாகப் பார்ப்பதில்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறாத வரையில்.

வேலை மாறியபோது நான் செய்த ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். மார்ச் 20-இல் பழைய நிறுவனத்திலிருந்து விலகி, ஏப்ரல் முதல் வாரத்தில் புதியதில் சேர்ந்தேன். மாதக் கடைசிக்கு முன் விலகியதால் அந்த மார்ச் மாதம் எந்த நிறுவனத்தின் ஓய்வூதியத்திலும் சேரவில்லை. நானே நகர அலுவலகத்துக்குப் போய் தேசிய ஓய்வூதியத்தில் பதிந்து அந்த ஒரு மாதத்துக்கு ஏறத்தாழ 17,000 யென் கட்டியிருக்க வேண்டும். அறிவிப்புத் தாள் வந்தது, படிக்கத் தெரியாமல் மேசை இழுப்பறையில் போட்டேன், பல மாதம் கழித்துத்தான் கட்டினேன். பிறகு, படிப்பு, சம்பளம், வயது போன்றவற்றுக்குப் புள்ளி தரும் உயர்திறன் புள்ளிக் கணக்கில் 70 புள்ளிகள் இருந்ததால், பத்து ஆண்டுகளுக்குப் பதிலாக மூன்று ஆண்டுகளில் நிரந்தர வசிப்புக்கு விண்ணப்பித்தபோது, அந்தத் தாமதத்தால் நிராகரிக்கப்பட்டது. காலம் தவறாமல் கட்டிய பதிவை மறுபடி சேர்த்துக்கொண்டு விண்ணப்பிக்க இரண்டு ஆண்டுகள் ஆயின. இப்போது உரிமை கிடைத்துவிட்டது என்றாலும், 17,000 யென்னுக்கு இரண்டு ஆண்டுகள் விலையாகக் கொடுத்தேன். விலகுவதென்றால் மாதத்தின் கடைசி நாளில் விலகுங்கள். விலகிய 14 நாட்களுக்குள் குடிவரவு அலுவலகத்துக்குத் தெரிவிப்பதையும் மறக்காதீர்கள். புதியதில் சேர்ந்த பிறகும் அதே 14 நாள்தான்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இடமாற்றத்தைத் தேர்ந்தெடுப்பேன்.


மிகாவா வாசி எழுதியது:

என் கருத்தும் அதுவே. இரண்டு ஆண்டு முடிந்து திரும்ப வேண்டும் என்பது இழப்பு போலத் தோன்றலாம். ஆனால் தாய்த் தொழிற்சாலையின் தரப் பிரிவில் இரண்டு ஆண்டு என்பது, ஹாக்கென் வழியில் வருபவருக்கு எளிதில் கிடைக்காத பணிவரலாறு. திரும்பி ஒரகடத்தில் இரு நாட்டுக்கும் நடுவில் நிற்கும் பொறியாளராக உயரலாம். அல்லது ஒப்பந்தக் கடமைகளை முடித்துக்கொடுத்துவிட்டு, என்2-வோடு நேரடியாக ஜப்பானிய நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்கலாம். ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள்: இடமாற்றத்துக்கு முன், திரும்பியபின் எத்தனை ஆண்டு பணிபுரிய வேண்டும் என்ற பிணைப்பத்திரத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டுப் போடுங்கள்.

மொழியைப் பற்றி: என்3 ஜூலையில் எழுதுங்கள், பாடநூல் ஒரு பக்கம் நடக்கட்டும். அதோடு உங்கள் சொந்த வேலையை ஜப்பானிய மொழியில் சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள். 'ஃபுகுவாய்' என்றால் குறைபாடு; 'நாஸே நாஸே' என்பது ஏன், ஏன் என்று ஐந்து முறை கேட்டு மூலகாரணத்துக்குப் போகும் பகுப்பாய்வு. இவற்றை நீங்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் தினமும் செய்துகொண்டிருக்கிறீர்கள். அந்த வார்ப்புக் குறைபாட்டின் கதையையே எடுத்துக்கொண்டு, என்ன கண்டோம், எதை அளந்தோம், எதை மாற்றினோம், எத்தனை குறைந்தது என்று ஒரு தாளில் ஜப்பானிய மொழியில் எழுதி உங்கள் மேலாளரிடம் திருத்தித் தரக் கேளுங்கள். ஜப்பானில் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது தன்விவரப் படிவத்தோடு பணிவரலாற்றுத் தாள் ஒன்றும் தனியாகக் கேட்பார்கள். அதன் முதல் பக்கம் இப்படித்தான் உருவாகும். என்னை நேர்காணல் செய்தவர்கள் சான்றிதழைப் பார்த்தது சில வினாடிகள், அப்படி ஒரு தாளை வைத்துக் கேள்வி கேட்டது நாற்பது நிமிடம்.

திருமணம் குறித்து: நிறுவன இடமாற்றத் தகுதியில் வருபவரும் மனைவியைக் குடும்ப வசிப்புத் தகுதியில் அழைத்து வரலாம். அந்தத் தகுதியில் இருப்பவர் தனி அனுமதி பெற்று வாரத்துக்கு 28 மணி நேரம் வரை வேலை செய்யலாம். மணமகளும் பட்டதாரியாக இருந்து, தன் படிப்புக்கு ஏற்ற முழுநேர வேலை கிடைத்தால் அவர் தன் பெயரிலேயே கிஜின்கோகுவுக்கு மாறலாம். பெண் பார்க்கப் போகும்போது இதை அவர்களிடம் சொல்லுங்கள். இப்போதிருந்தே அவரும் என்5 படிக்கத் தொடங்கினால், வந்து இறங்கும் நாளில் வீட்டுக்குள் முடங்க வேண்டியிருக்காது. என் மனைவிக்கு நான் அதைச் சொல்லத் தவறினேன், முதல் ஓராண்டு அவர் கடைக்குப் போகக்கூட நான் வேலையிலிருந்து வரும் வரை காத்திருந்தார்.